மறுபடியும் சம்மதிப்பீர்களா

…ஆயினும் டாக்டர் ஷைலா பொய் சொல்லவில்லை, அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும், பக்கவாதம் தாக்கி நான் நினைவின்றிக் கிடந்தபோது அவர் முன்கூட்டிச் சொன்னவற்றுள் எதுவும் பொய்த்துப் போகவில்லை, இடக்கை மீளாது என்றார், மீளவில்லை, பிறர் துணையின்றி நடப்பது அரிது என்றார், அரிதாகவே இருக்கிறது, குளியலறைக்குப் போகவும் ஒருவர் தோள் வேண்டியிருக்கும் என்றார், வேண்டியிருக்கிறது… அவ்வாறாயின், அதே மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், சன்னலோரம் சக்கர நாற்காலியில் அமர்ந்து, அவிநாசி சாலையின் மேம்பாலத் தூண்களுக்கிடையே ஊர்ந்து செல்லும் பேருந்துகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு, வரும் வழியில் கிணத்துக்கடவில் குடித்த காபியின் மணம் இன்னும் மூக்கில் தங்கியிருப்பதை எண்ணி உள்ளூர மகிழ்ந்துகொண்டிருக்கிறேனே, இந்த நான் அவருடைய கணக்கில் எங்கே வருகிறேன்? அதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்களாம், சுழியத்திலிருந்து ஆறு வரை ஓர் அளவுகோல், சுழியம் என்றால் குறையொன்றும் இல்லை, ஆறு என்றால் இறப்பு, நான் நான்கு, மூன்றுக்குள் வந்தவர்களைத் தேறியவர்கள் என்றும் நான்கும் அதற்கு மேலும் நின்றுவிட்டவர்களைத் தேறாதவர்கள் என்றும் பிரித்தெழுதுவது பல ஆய்வுகளில் வழக்கம் என்று சென்ற முறை டாக்டர் ஷைலாவே சற்றுக் கூச்சத்துடன் சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்தது, தேறாதவன் ஒருவன் அன்று காலையில்தான் மூன்றாவது இட்லிக்குக் கை நீட்டியிருந்தான்…

ஆனால் இன்று சிரித்து மழுப்ப இயலாது. நேற்று மாலை இங்கிருந்து ஒரு செவிலிப் பெண் தொலைபேசியில் அழைத்தாள், ஒலிபெருக்கியில் போட்டுத்தான் நான் பேசுவது, அதனால் அருகில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி செல்லாத்தாளுக்கும் எல்லாம் கேட்டது, "ஐயா, நாளைக்கு டாக்டர் உங்ககிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க, யோசிச்சு வெச்சுக்கங்க, இப்ப நீங்க இருக்கற நெலமை முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு அந்த ஆபரேஷனுக்குச் சம்மதிச்சிருப்பீங்களா" என்றாள். உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன, பிறகு மீண்டும் உரித்தன, அவ்வளவுதான், அதன்பின் அந்தக் கேள்வியைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, இரவுச் சோற்றுக்கு என்ன குழம்பு என்று கேட்டாள், காலையில் எந்தச் சட்டை என்று கேட்டாள், அதைமட்டும் கேட்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாதா? அன்று சம்மதித்தவன் நானல்லன், எனக்குத்தான் நினைவே இல்லையே, கையெழுத்திட்டவள் அவள், என் அண்ணனும் என் பங்காளிகளும் வேண்டாம் என்று சொல்லியும் இட்டவள் அவள், ஆகவே இன்று நான் இல்லையென்று தலையசைத்தால் அது அறுவைச் சிகிச்சைக்குச் சொல்லும் 'இல்லை' அன்று, அவளுக்குச் சொல்லும் 'இல்லை', இந்த ஓராண்டு முழுவதும் அவள் தூக்கியது, துடைத்தது, புரட்டிப் படுக்கவைத்தது அத்தனையும் தவறான ஒரு கையெழுத்தின்மேல் கட்டிய வீடு என்று ஆகிவிடும். அதற்காகவே ஆம் என்று சொல்லிவிடலாமா? சொல்லலாம், ஆனால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், நான் அவளை மகிழ்விக்கச் சொல்லும் சொற்களை அவள் எளிதில் அடையாளம் காண்பாள், ஆதலால் அந்த ஆம் உண்மையான ஆமாக இருக்க வேண்டும், அதைத்தான் நேற்று முதல் தேடிக்கொண்டிருக்கிறேன்…

"ஏனுங்க, சித்த இந்தப் பக்கம் திரும்புங்க" என்கிறாள். எப்போதும் என் இடப்பக்கத்திலேதான் அமர்வாள், இயன்முறைப் பயிற்சியாளர் அப்படிச் சொல்லியிருக்கிறார், மூளையின் வலப்பாதி கெட்டவனுக்கு உலகின் இடப்பாதி இல்லாமற் போகிறது, கண் தெரியாமையன்று, அங்கே ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே எழாது, தட்டில் வலப்பக்கத்துச் சோற்றை உண்டுவிட்டு இன்று ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பேன், அவள் தட்டைத் திருப்பி வைப்பாள், புதிதாக ஒரு தட்டுச் சோறு தோன்றும், இதில் ஒரு மகிழ்ச்சியும் உண்டு, எவருக்குக் கிடைக்கும் அது? இப்படித்தான் அந்த நாளும் தொடங்கிற்று, ஆனைமலையில் பாலகோபாலின் தென்னந்தோப்பில் காய் மதிப்புப் போட நின்றிருந்தேன், மரத்தடியில் நின்று அண்ணாந்து குலைகளைப் பார்த்து இந்த வெட்டுக்கு இவ்வளவு காய் வரும் என்று சொல்வது என் தொழில், என் சொல்லை நம்பித்தான் வியாபாரி தோப்பைப் பேசுவார், அன்று அண்ணாந்து பார்த்துச் சொன்னேன், பாலகோபால் சிரித்தார், "என்னுங்க, பாதி மரத்துக்குத்தான் மதிப்பா, அந்தப் பக்கத்துக் கொலையெல்லாம் ஆருக்கு உட்டுட்டீங்க" என்றார், நான் அவரைக் கோபித்துக்கொள்ள வாய் திறந்தேன், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, கண் விழித்தபோது தலையில் ஒரு பக்கத்து எலும்பு இல்லை.

அண்ணன் ராசப்பன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து எதிர் இருக்கையில் பொத்தென்று அமர்கிறார், "ஏன்றா துரை, இந்த ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்தறதுக்கே ஒரு டாக்டரு தனியா வேணுமாட்ட இருக்குது" என்கிறார், வேட்டி நுனியால் முகத்தைத் துடைக்கிறார், பிறகு என்னைப் பாராமல், "என்ன சொல்லலாம்னு இருக்கறே" என்கிறார். "சொல்லும்போது கேட்டுக்குங்கண்ணா" என்கிறேன், என் நாக்குச் சற்றுத் தடிக்கும், ஆயினும் அவருக்கு விளங்கும். "சொல்லு சொல்லு, என்ற தலைய மட்டும் உருட்டீராத." அதற்கு என் இடப்பக்கத்திலிருந்து செல்லாத்தாளின் குரல், "உங்களை ஆரும் உருட்டலீங்க, பூவையும் உருட்டலீங்க." அண்ணன் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பில் ஓராண்டுக் கூச்சம் இருக்கிறது, பாவம், அவரும் என்ன செய்வார், என்மேல் உயிரையே வைத்திருப்பவர்…

பூ என்றாள் அல்லவா, அது எங்கள் பக்கத்து வழக்கம், முடிவு தெரியாத காரியமென்றால் குலதெய்வத்தின் முன் பூப்போட்டுக் கேட்போம், வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனியே வாழையிலைத் துண்டில் மடித்துச் சாமியின் காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார், வெள்ளையானால் உத்தரவு, சிவப்பானால் மறுப்பு. நான் இங்கே உள்ளே கிடந்தபோது டாக்டர் ஷைலா இவர்களை அமரவைத்துச் சொல்லியிருக்கிறார், மூளை வீங்கிக்கொண்டு வருகிறது, எலும்பைத் திறந்து இடம் கொடுக்காவிட்டால் பெரும்பாலும் பிழைக்கமாட்டார், திறந்தால் பிழைக்கக் கூடும், ஆனால் இந்த வயதில் இவ்வளவு பெரிய பாதிப்புடன் பிழைப்பவர்களில் பலர் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்வார்கள், இது எங்கள் கணிப்பு, கணிப்புத்தான், மாலைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று. அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கே ஓடிவிட்டார், அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தார், குரல் உடைந்திருந்ததாம், "அம்மணி, செகப்புத்தான் வந்துச்சு, ஊட்டுக்குக் கொண்டுபோயிறலாம், அவனைப் போட்டு வதைக்க வேண்டாம்." செல்லாத்தாள் கேட்டிருக்கிறாள், "சாமிகிட்ட என்னன்னுங்க கேட்டீங்க?" "பழையபடி எந்திரிச்சு நடப்பானான்னு கேட்டேன்." "நடக்கறதப் பத்தி நான் கேக்கலீங்களே" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருக்கிறாள், போய்க் கையெழுத்திட்டாள். இதை அண்ணனே எத்தனை முறை எனக்குச் சொல்லியிருப்பார், ஒவ்வொரு முறையும் அவர் இடையில் நிறுத்தி, நடக்கறதத்தானப்பா கேக்கத் தோணுச்சு, என்பார். எனக்கு அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை, சாமியையும் குறை சொல்ல இயலாது, பழையபடி நடப்பானா என்ற கேள்விக்குச் சிவப்பே சரியான விடை, அந்த அளவுகோலும் அதே கேள்வியைத்தானே முன்னே வைக்கிறது, நடக்கிறானா, தானே குளிக்கிறானா… காபி எப்படியிருந்தது என்று அதில் எங்கும் கேட்பதில்லை.

இருப்பினும் கணிப்பவர்மேல் எனக்குக் கோபம் எழுவதில்லை, ஒரே தொழிற்காரர்கள் என்ற பரிவுதான் எழுகிறது, நானும் காலமெல்லாம் கணித்தவன், மதிப்புப் போடுகிறவன் எப்போதும் சற்றுக் குறைத்தே சொல்வான், கூடுதலாக வந்தால் எவரும் சண்டைக்கு வரமாட்டார்கள், குறைந்து போனால் விடமாட்டார்கள், டாக்டர் ஷைலாவும் அன்று சற்றுக் குறைத்துத்தான் சொல்லியிருப்பார், நானாயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒருமுறை அவர் தாமாகவே சொன்னார், "எங்களுக்கே தெரியாத ஒண்ணு இருக்குதுங்கய்யா, வேண்டாம்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனவங்கள்ல யாரு தேறியிருப்பாங்கன்னு எங்களால சொல்லவே முடியாது, அவங்க இறந்துபோனதும் நாங்க சொன்னது சரின்னு ஆயிடுது." அதைக் கேட்டபோது வாடல் நோய் வந்த தோப்புகளில் இது தேறாது, இதை வெட்டிவிடுங்கள் என்று நான் கைகாட்டிய மரங்கள் நினைவுக்கு வந்தன, அவற்றுள் ஒன்றுகூட என் கணிப்பைப் பொய்யாக்கியதில்லை, வெட்டிய மரம் எப்படிக் காய்த்துக் காட்டும்? இருந்தும் வெட்டாமல் விட்டிருந்தால் பக்கத்து மரமெல்லாம் போயிருக்கும், அதுவும் உண்மைதான், கணிக்காமல் தோப்பு நடத்த முடியாது, மருத்துவமனையும் நடத்த முடியாது போலும்…

சரி, கேள்விக்கு வருவோம், தட்டின் ஒரு பக்கத்தில் என்னென்ன? காலையில் ஈரமான படுக்கையில் விழித்து, பக்கத்தில் கிடக்கும் அந்தக் கை யாருடையது என்று ஒரு கணம் திகைப்பது, பார்க்க வரும் ஒறம்பரை, உறவுக்காரக் கூட்டம், என் தலைக்கு மேலாகவே, இவருக்குச் சக்கரை இருந்துச்சா, இன்னும் எவ்வளவு நாளைக்கு இப்படியே, என்று எனக்குக் காதும் இல்லாததுபோலப் பேசுவது, காரணமின்றி அழுகை வருவது, விளம்பரத்தில் ஒரு நாய்க்குட்டி ஓடினாலும் வந்துவிடும், அப்புறம் எலும்பை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்திருந்த மாதங்கள், அதை மீண்டும் தலையில் பொருத்தும்வரை அங்கே பத்திரமாக இருக்குமாம், இரவில் வலக்கையால் தடவிப் பார்ப்பேன், என் மண்டை என் வயிற்றில் கிடக்கிறது என்று நினைத்தால் முதலில் அச்சமாகவும் பிறகு பெருத்த வேடிக்கையாகவும் இருக்கும், "பசிச்சா இனி மண்டைக்கே நேரா தெரிஞ்சுபோகும்" என்றேன் ஒருநாள், செல்லாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்… பாருங்கள், துன்பங்களைத்தான் எண்ணத் தொடங்கினேன், எப்படியோ சிரிப்பில் வந்து நிற்கிறது. மறு பக்கத்தில் என்ன? பெரியதாக ஒன்றுமில்லை, அதுதான் வியப்பு, ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று, தொலைபேசியில் வியாபாரிகளுடன் விலைக்காக வாதாடுவது, மாலையில் வாசலில் நாற்காலியைப் போட்டுத் தோப்பைப் பார்த்திருப்பது, முன்பெல்லாம் நான் மேலே மட்டுமே பார்த்தவன், மரத்தின் இடுப்புக்குக் கீழே ஒன்றும் அறியாதவன், இப்போது அணில் இறங்கும் பாதை தெரிகிறது, உழவு மாட்டின் நடை தெரிகிறது, செல்லாத்தாள் கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் போய்வருவது தெரிகிறது, இவ்வளவு ஆண்டுத் திருமண வாழ்வில் அவளை இத்தனை நேரம் நான் பார்த்ததே இல்லை, இப்போது இடுப்பில் ஒரு பட்டி அணிந்துகொண்டு நடக்கிறாள், தூக்கித் தூக்கி வலி வந்ததாம், அதைக் கட்டினால் நன்றாக நிமிர்ந்து தெரிகிறாள்… ஆம், ஆம்தான், பொய்யில்லை, இந்த வாழ்வு எனக்குப் பிடித்திருக்கிறது, இதை ஒருவரும் முன்கூட்டி எனக்குச் சொல்லியிருக்க முடியாது, சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள், அண்ணன் நாற்காலியைத் தள்ளுகிறார், கதவு விளிம்பில் என் இடக்கை இடித்துவிடாதபடி செல்லாத்தாள் அதை எடுத்து என் மடியில் வைக்கிறாள். டாக்டர் ஷைலா எழுந்து வருகிறார், என் தோளைத் தொடுகிறார், கையைத் தூக்கச் சொல்கிறார், விரலைப் பின்தொடரச் சொல்கிறார், தலைத் தழும்பை வருடிப் பார்க்கிறார், பிறகு தம் நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டு அமர்ந்து, "நேத்தே போன்ல சொல்லியிருப்பாங்க, இல்லீங்களா?" என்கிறார், "இப்ப இருக்கற இதெல்லாம் தெரிஞ்சே, அந்த ஆபரேஷனுக்கு மறுபடியும் சம்மதிப்பீங்களா? எங்களுக்காகச் சொல்ல வேண்டாங்கய்யா. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி."

"சம்மதிப்பேனுங்க" என்கிறேன். நன்றாக வந்தது சொல், தடிக்காமல் வந்தது. அவர் காத்திருக்கிறார், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "ஆனா ஒண்ணுங்க டாக்டர். அன்னைக்கே என்னைய எழுப்பி, இப்படித்தான் இருப்பேன்னு சொல்லிக் கேட்டிருந்தீங்கன்னா, வேண்டவே வேண்டாம்னு சொல்லியிருப்பேனுங்க. அவனும் நாந்தான், இவனும் நாந்தான். அவனைக் கேக்காம உட்டது நல்லதாப் போச்சுங்க." அண்ணன் மூக்கை உறிஞ்சுகிறார், வேட்டி நுனி மீண்டும் முகத்துக்குப் போகிறது, எனக்குள் ஒரு நிறைவு, பரீட்சையில் நன்றாக எழுதிவிட்டு வெளியே வந்தவனுடைய நிறைவு, இனி அவள் நிம்மதியாகத் தூங்கலாம், நான் வாய்திறந்து சொல்லிவிட்டேன், அவள் இட்டது சரியான கையெழுத்து, இதைவிட வேறென்ன வேண்டும் அவளுக்கு…

அப்போது டாக்டர் ஷைலா நாற்காலியைச் சற்றுத் திருப்பினார், என்னைக் கடந்து அவர் பார்வை அப்பால் சென்றது. "நீங்க சொல்லுங்கம்மா. கையெழுத்துப் போட்டவங்க நீங்கதானே. இப்பத் தெரிஞ்சதெல்லாம் தெரிஞ்சே, மறுபடியும் போடுவீங்களா?"

இதென்ன கேள்வி என்றுதான் முதலில் தோன்றிற்று, இதற்கா அவளிடம் விடை கேட்பது, நான் சொன்னதற்குப் பிறகும்? அவள் சட்டென்று ஆம் என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். "நானுங்களா?" என்றாள். பிறகு, "யோசிச்சுத்தானுங்க சொல்லோணும்" என்றாள்.

அண்ணன் கடகடவென்று சிரித்துவிட்டார், "இதுல யோசிக்கறதுக்கு என்ன அம்மணி கெடக்குது, அவனே நல்லாருக்குதுன்னு சொல்லீட்டான்." "அவருக்கு நல்லாருக்குதுங்க" என்றாள் செல்லாத்தாள், குரலில் சினமில்லை, வருத்தமுமில்லை, காய்கறிக்காரரிடம் எடை கேட்கும் குரல், "என்னைய இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்களே. கேட்டாத்தான யோசிக்க முடியும். நீங்க அடுத்த தடவை கேளுங்க டாக்டர், சொல்றேன்." டாக்டர் ஷைலா சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

நான் கழுத்தை முழுவதுமாகத் திருப்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நெற்றி சற்றே சுருங்கியிருந்தது, உண்மையாகவே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்… புண்பட வேண்டும் என்று தோன்றிற்று, ஏனோ புண்படவில்லை, வியப்புத்தான், நேற்று மாலை அவள் விரல்கள் நின்றபோது நான் என்ன சொல்வேனோ என்ற அச்சத்தால் நின்றதாகவே எடுத்துக்கொண்டேனே, ஒருவேளை அது அச்சமே இல்லையோ, அவளும் அந்த நொடியில் தனக்கென்று கேட்டுப் பார்த்துக்கொண்டாளோ? வண்டியில் போகும்போது கேட்கலாமா? வேண்டாம், அண்ணன் இருப்பார், வீட்டிலும் வேண்டாம், அவளாகச் சொல்லட்டும், ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும்… இல்லை என்றாலும் சரிதானா? நாள்தோறும் பார்த்திருந்தும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் துளியும் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளவேனும் அடுத்த முறை இங்கே வந்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது…